மடிக்கணினி வாங்கிய படலம்

மாடு வாங்கப் போகிறவர் சுழி பார்க்கிறார். வாயைத் திறந்து பல்லை எண்ணி வயதை மதிக்கிறார். வீடு வாங்கப் போகிறவர் வாசலின் திசையைப் பார்க்கிறார். கிணற்றில் நீர் வற்றுமா என்று அயலாரை விசாரிக்கிறார். மடிக்கணினி வாங்கப் போகிறவர் எதைப் பார்ப்பது? இந்தக் கேள்வி எம் வீட்டில் எழுந்து, மூன்று மாத காலம் எம்மைப் படாத பாடு படுத்திவிட்டது. பசறையிலிருந்து பதுளைக்கும், பதுளையிலிருந்து கொழும்புக்கும் அலைந்து நாம் கற்ற பாடம், இதே அலைச்சலில் இறங்கவிருக்கும் குடும்பத்தினருக்கும் மாணவர்களுக்கும் சிறிதேனும் பயன்படக்கூடுமென்று கருதி இங்கே எழுதுகிறோம்.

எம் வீட்டில் இக்கருவியை வேண்டி நின்றோர் இருவர். மூத்தவள் எம் மகள். பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் நடைபெறும் திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோவில் திருவிழா ஆகியவற்றுக்குச் சென்று படம் பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். பிடித்த படங்களுக்கு ஒளியும் வண்ணமும் திருத்தி அல்பமாக்குவதற்கு அவளுக்குக் கணினி வேண்டும். இளையவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவன். அவனுக்கு வேண்டியது விளையாட்டு. அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் நூறு காட்சி மாறும் விளையாட்டு.

இருவரும் கேட்பது கணினியே என்றாலும், இருவரும் கேட்பது ஒன்றல்ல என்பதை அறிய எமக்குச் சில வாரங்கள் பிடித்தன. "கம்பியூட்டர் என்றால் கம்பியூட்டர்தானே! அதில் என்ன பேதம்?" என்று நாம் ஒருநாள் கேட்டுவிட்டோம். பிள்ளைகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மூன்று மாதங்களில் அவர்கள் ஒருமனப்பட்டது அந்த ஒரு கணத்தில்தான்.

மேசைக் கணினியே வாங்கிவிடலாம், அதே பணத்துக்கு வலுக் கூடியது கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அவர் சொன்னது உண்மையே. ஆயினும் எம் மகள் கல்யாண வீட்டாரிடமே கருவியைக் கொண்டுபோய், படங்களைக் காட்டி, அவர்கள் விரும்பியவற்றைத் தெரிவு செய்ய வேண்டியவள். மழையில் வழுக்கும் படிகளில் ஏறி மேட்டு லயத்துக்கு மேசைக் கணினியைச் சுமந்து செல்வது யார்?

தூக்கிச் செல்லும் கணினி என்ற எண்ணத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டென்பதைப் பலர் அறியார். 1981 ஆம் ஆண்டில் 'ஒஸ்போர்ன் 1' என்ற கணினி விற்பனைக்கு வந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிச் செல்லத்தக்கதாய், சந்தையில் வெற்றி பெற்ற முதற் கணினி அதுவே எனலாம். அதனை விற்ற அடம் ஒஸ்போர்ன், இரமண மகரிஷியின் அடியவராய்த் திருவண்ணாமலையில் வாழ்ந்த ஆர்தர் ஒஸ்போர்னின் மகன். தமிழ்நாட்டில் வளர்ந்த அவர், 2003 ஆம் ஆண்டில் கொடைக்கானலிலேயே காலமானார். அவருடைய கணினியின் எடை ஏறத்தாழ 24 இறாத்தல், அதாவது 11 கிலோ. திரையின் அளவு 5 அங்குலம். விலை 1,795 டொலர். உள்ளே மின்கலமும் கிடையாது. அதை நினைக்கும்போது, இன்று இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும் கருவியைப் பார்த்துப் பாரமென்று முறையிட எமக்கு வாய் வரவில்லை.

இனி மகளின் வழக்கைச் சொல்வோம். உறவினர் ஒருவர் கொடுத்த பழைய மடிக்கணினியில்தான் அவள் அதுவரை வேலை செய்துவந்தாள். ஒரு கல்யாணத்தில் மணமகளின் கூறைப்புடவை நல்ல அரக்குச் சிவப்பு. திரையிலோ அது வெளுத்துச் செங்கல் நிறமாகத் தெரிந்தது. படத்தில்தான் குறையென்று எண்ணி, அவள் சிவப்பைக் கூட்டிக்கொண்டே போனாள். திரையில் கூறை கூறையாகத் தெரிந்ததும் அல்பத்தை அச்சுக்கு அனுப்பினாள். அச்சாகி வந்த அல்பத்தைத் திறந்தால், புடவை தீப்பற்றி எரிவதுபோல் இருந்தது. மாப்பிள்ளையின் முகமோ மஞ்சளும் குங்குமமும் குழைத்துப் பூசியதுபோல் இருந்தது. பெண் வீட்டார் நல்லவர்கள், ஏசவில்லை. ஆனால் பணத்தையும் தரவில்லை. மறுபடி அச்சிட்ட செலவு முழுவதும் அவள் தலையில் விழுந்தது. இரண்டு மாத உழைப்பு அந்த ஓர் அல்பத்தோடு போயிற்று.

குறை படத்தில் இல்லை, திரையில் என்பது பின்னரே விளங்கிற்று. கணினித் திரைகள் காட்டவேண்டிய வண்ணங்களுக்கு எஸ்.ஆர்.ஜி.பி. என்றோர் அளவுகோல் உண்டு. 1996 ஆம் ஆண்டில் ஹியூலெட் பக்கார்ட், மைக்ரோசொப்ட் ஆகிய நிறுவனங்கள் வகுத்த இவ்வளவுகோல், 1999 இல் சர்வதேச நியமமாயிற்று. நல்ல திரை அவ்வண்ணங்களை ஏறக்குறைய முழுவதும் காட்டும். மலிவான திரையோ ஐந்தில் மூன்று பங்கு அளவையே காட்டும். சிவப்பும் பச்சையும் அதில் சோகை பிடித்து நிற்கும். கடைக்காரர் கொடுக்கும் தாளில் '45 வீதம் என்.டி.எஸ்.சி.' என்று எழுதியிருந்தால், அது இந்தச் சோகைத் திரைதான். '100 வீதம் எஸ்.ஆர்.ஜி.பி.' என்றிருந்தால் நம்பிப் படம் திருத்தலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், விளையாட்டுக்கென்றே விற்கப்படும் மடிக்கணினிகளிலும் விலை குறைந்தவை பலவற்றில் இந்தச் சோகைத் திரையே பொருத்தப்பட்டிருக்கிறது. சாதாரணத் திரை வினாடிக்கு 60 தடவை காட்சியைப் புதுப்பிக்குமானால், அது 144 தடவை புதுப்பிக்கும். வேகம் உண்டு, வண்ணம் இல்லை. ஓடுகிற பகைவனைச் சுட அது போதும். கூறைப்புடவைக்குப் போதாது.

மகனின் வழக்கும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. "விளையாட்டென்றால் வீண்பொழுது என்று நினைக்காதீர்கள், அப்பா. 2023 இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதற்கும் பதக்கம் கொடுத்தார்கள்" என்றான். விசாரித்தோம், உண்மைதான். அவனுக்கு வேண்டியது வரைகலைச் சில்லு. காட்சிகளைத் தீட்டும் தனி மூளை என்று அதைச் சொல்லலாம். படம் திருத்துவதற்கும் அது ஓரளவு உதவும். இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகளை நீக்கும் புதிய முறைகள் அதன் வலுவைக் கொண்டே இயங்குகின்றன. ஆனால் படத்திருத்தத்துக்கு அது துணை. விளையாட்டுக்கோ அதுவே உயிர்.

இச்சில்லை வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 4050, 4060 என்னும் மடிக்கணினிச் சில்லுகளை எடுத்துக்கொள்வோம். ஒரே பெயருடைய சில்லை ஒரு நிறுவனம் 35 வாற்று மின்வலுவில் ஓட்டலாம். இன்னொரு நிறுவனம் 115 வாற்று வரை கொடுத்தும் ஓட்டலாம். ஒரே பெயருடைய இரண்டு தொழிலாளரில் ஒருவருக்கு மூன்று வேளைச் சோறும், மற்றவருக்கு ஒரு வேளைக் கஞ்சியும் கொடுத்து மலைக்கு அனுப்பினால் இருவரும் ஒரே அளவு கொழுந்து எடுப்பார்களா? ஆகவே சில்லின் பெயரைக் கேட்பதோடு நில்லாது, அதற்கு எத்தனை வாற்று என்றும் கேட்கவேண்டும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்து, தயாரித்த நிறுவனத்தின் விபரத் தாளில் பார்க்கவேண்டும்.

வலுக் கூடினால் சூடும் கூடும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டுக்கு அடியால் காற்றை ஊதுகிறார்களல்லவா? அதுபோல இக்கருவிக்குள்ளும் காற்றாடிகள் சுழன்று சூட்டை வெளியேற்றுகின்றன. கட்டிலில் கம்பளிமேல் வைத்து விளையாடினால் காற்று வழி அடைபட்டு, கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசைமேல் வைத்து ஆடுவதே முறை. மலைநாட்டுக் குளிர் இவ்விஷயத்தில் எமக்கு ஒரு சலுகை.

பிள்ளைகள் இருவரின் தேவையும் ஒன்றுபடும் இடங்களும் இருந்தன. நினைவகம் 16 ஜிகாபைட்டுக்குக் குறையலாகாது என்பதில் கருத்து வேறுபாடில்லை. "இப்போது 8 போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்" என்று சொல்வோர் உண்டு. சில கருவிகளில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். கூட்ட வழியே இல்லை. மேலும், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டமையால், 2025 ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றின் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. பிறகு என்பது மலிவு என்று பொருள்படாது.

சேமிப்பிடத்தில் மட்டும் சண்டை வந்தது. ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம். படமொன்று 25 மெகாபைட் என்று கொண்டாலும் 50 ஜிகாபைட். இக்காலத்துப் பெரிய விளையாட்டு ஒன்று 100 ஜிகாபைட்டை விழுங்குகிறது. 512 ஜிகாபைட்டில் மகன் நான்கு விளையாட்டை வைத்தால், மகளின் கல்யாணங்களுக்குத் திண்ணையில்கூட இடமிராது. இரண்டாவது சேமிப்புத் தட்டு பொருத்த வெற்றிடமுள்ள கருவியே வேண்டுமென்று அப்போதே தீர்மானித்தோம்.

எல்லாம் சரி, பணம்? 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களின் விலை அப்போது ஏறியது, பழைய நிலைக்கு இறங்கவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் பொருந்தும் கருவியொன்றின் விலையைக் கேட்டறிந்தபோது 3 இலட்சம் ரூபா வந்தது. மகள் சேர்த்து வைத்திருந்தது 1 இலட்சம். எம்மால் இயன்றது இன்னொரு இலட்சம். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்தவற்றுள் ஒன்றை வாங்கலாமா என்றுகூட யோசித்தோம். அவற்றில் சில உறுதியானவை, படத்திருத்தத்துக்குப் போதுமானவை. ஆனால் வரைகலைச் சில்லு இராது. மகன் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டான்.

அப்போதுதான் எம் தாயார் வாய் திறந்தார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர் அவர். ஊழியர் சேமலாப நிதியில் வந்த பணத்தில் எஞ்சியதை வங்கியில் வைப்பிலிட்டிருந்தார்.

"மிச்ச ஒரு இலட்சத்த நான் தாறேன். ஆனா ஒரு பேச்சு. எம் பெட்டியில இருக்கிற படத்த எம் பேத்தி சரிபண்ணித் தரணும்" என்றார்.

தாயாருக்குக் கணக்கு ரூபாவில் வராது, பேரில்தான் வரும். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். 2013 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. அக்கணக்கில் அவர் தந்த 1 இலட்சம் 222 பேர். 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் முழுக் கருவியின் விலையான 3 இலட்சத்தைப் பிரித்தாலும் அதே 222 பேர்தான். கணக்கைச் சொன்னபோது மகன் திண்ணையிலிருந்து உள்ளே வந்தான். "பெரிய சில்லு வேண்டாம் அப்பா. 4050 போதும். மிஞ்சுகிற பணத்தை அக்காவின் திரைக்குப் போடுங்கள்" என்றான். நாம் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருக்கவும் மாட்டான்.

பதுளையில் சில கடைகளைப் பார்த்தோம். பின்னர் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த கட்டிடத்தில் ஒரு பகல் முழுவதும் நடந்தோம். மகள் ஒரு தந்திரம் செய்தாள். பாழாய்ப்போன அந்தக் கல்யாண அல்பத்துக்குப் பின்னர் சரியாக அச்சிட்ட படமொன்றையும், அதே படத்தின் மூலக் கோப்பையும் கையோடு எடுத்துவந்திருந்தாள். ஒவ்வொரு கடையிலும் கோப்பைத் திரையில் திறந்து, அச்சுப் படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கடையில் '100 வீதம் வண்ணம்' என்று உறுதி கூறிய திரையில் கூறைப்புடவை மீண்டும் செங்கல்லாயிற்று. கடைக்காரர் அறையின் விளக்கைக் குறை சொன்னார். நாம் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். நான்காவது கடையில் திரையும் தாளும் ஒத்துக்கொண்டன.

உத்தரவாதத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். மூன்று வருட உத்தரவாதம் என்று பெட்டியில் எழுதியிருக்கலாம். பழுது பார்ப்பது எங்கே என்று கேட்கவேண்டும். கொழும்பில்தான் என்றால், பசறையில் இருப்பவருக்கு ஒவ்வொரு பழுதும் இரண்டு நாளும் இருவழிப் பயணச் செலவும் ஆகும். பதுளையில் ஒப்படைத்தால் அனுப்பிவைக்கும் ஏற்பாடு உண்டா என்று விசாரித்து, ஆமென்று எழுத்தில் பெற்றுக்கொண்டபின்பே பணத்தை எண்ணிக் கொடுத்தோம். இடி மின்னல் மிகுந்த எம் பகுதிக்கு மின்னதிர்வைத் தடுக்கும் இணைப்புப் பலகையொன்றையும் வாங்கினோம்.

மின்சாரம் பற்றி எமக்கு ஏற்கெனவே பாடம் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்ட தொடுகையில் இலங்கை முழுவதும் இருண்டது. விளையாட்டு மடிக்கணினி முழு வலுவோடு ஓடுவது சுவர் மின்சாரத்தில் மட்டுமே. மின்கலத்தில் ஓட்டினால் வேகமும் குறையும், ஒரு மணி நேரத்துக்குள் உயிரும் போய்விடும். படத்திருத்தம் அவ்வளவு குடிப்பதில்லை. ஆகவே மின்சாரம் போனால் தம்பி எழுவது, அக்கா உட்காருவது என்று வீட்டில் சட்டமாயிற்று.

புதுக் கருவியில் மகள் முதன்முதலில் தொட்டது கல்யாணப் படங்களையல்ல. தாயாரின் பெட்டியிலிருந்த படத்தைத்தான். 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமையற்றிருந்த எம் மக்களில் 5,25,000 பேர் இந்தியா செல்வதென்றும் 3,00,000 பேர் இலங்கையில் இருப்பதென்றும் பிரித்தது. எம் தந்தையாரின் தமையனார் குடும்பம் இந்தியாப் பக்கம் விழுந்தது. அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறுவதற்கு முந்திய மாதம், இரு குடும்பமும் பதுளைக்குப் போய் ஒன்றாக நின்று எடுத்துக்கொண்ட படம் அது. காலஞ்சென்ற எம் தந்தையாரின் இளமைத் தோற்றத்துக்கு வேறு சான்று இல்லை. மூலைகள் மடிந்து, நடுவே வெடித்து, பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளிகள் நிறைந்திருந்தது.

நான்கு இரவுகள் வேலை செய்தாள் மகள். வெடிப்பை மூடினாள், புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். ஐந்தாம் நாள் அப்பாயியை அழைத்து உட்காரவைத்துத் திரையைக் காட்டினாள். தாயார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஒங்க தாத்தா இல்லையே" என்றார்.

மகள் திகைத்தாள்.

"இடது கன்னத்துல மச்சம் இருக்குமே, அது எங்க?"

பூஞ்சணப் புள்ளிகளோடு மச்சமும் போய்விட்டிருந்தது. நல்லவேளையாக, மூலப் பிரதியில் கைவைக்காமல் தனியே வைத்திருந்தாள் மகள். படம் திருத்தும் பிள்ளைகள் எல்லாரும் கைக்கொள்ளவேண்டிய வழக்கம் இது. அன்றிரவு அப்பாயியும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எது மச்சம், எது தூசி, எது அம்மைத் தழும்பு, எது பூஞ்சணம் என்று முகம் முகமாகப் பார்த்துவந்தார்கள். பார்த்தபடியே தாயார் ஒவ்வொருவர் பெயரையும் சொன்னார். இடுப்பில் இருந்த குழந்தையின் பெயரையும் சொன்னார். மகள் எல்லாவற்றையும் படத்தோடு எழுதிவைத்தாள்.

1875 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன், தோட்டத்துத் தமிழரைப் படம் பிடித்திருக்கிறார். அப்படங்கள் இன்றும் பெரிய நூதனசாலைகளில் இருக்கின்றன. அவற்றில் நிற்போர் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. எடுத்தவருக்குப் பெயர் இருக்கிறது. இதை நாம் மகளிடம் முன்னொருநாள் சொல்லியிருந்தோம். அவள் அதை மறக்கவில்லை என்பதை அன்றிரவு கண்டோம்.

படத்தின் பிரதியொன்று நீலகிரியிலிருக்கும் பெரியப்பாவின் பிள்ளைகளுக்குச் சென்றிருக்கிறது. இன்னொன்று எம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அந்த ஐந்து இரவும் மகன் தன் முறையைக் கேட்கவில்லை. ஆறாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு அக்கா எழுந்து இடம் விட்டாள். அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல யாருப்பா நம்ம ஆளு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.